சாமி குடித்த தண்ணீர்

ஏற்காட்டு மலையில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே இருந்த முத்தையா சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் வடிவாம்பாளுக்கோ அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஞானம் தேடி வந்தவர், கையோடு ஒரு கள்ளிச்செடித் தொட்டியையும் கொண்டுவந்திருந்தார்.

ஒரு நாள் தவறாமல் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். கள்ளி கொழுகொழுவென்று வளர்ந்தது. பூக்கத்தான் இல்லை.

"முள்ளுக்கு இவ்வளவு உபசாரமா?" என்று ஆசிரமமே சிரித்தது.

கார்த்திகையில் ஒரு காலை, வடிவாம்பாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாமி முன் வந்து நின்றார்.

"நான் ஊருக்கே போறேன் சாமி. என் கை ராசியில்லாத கை. ஒரு செடியைப் பூக்க வைக்கத் துப்பில்ல, எனக்கெதுக்கு ஞானம்?"

"மாசி வரைக்கும் இருங்கம்மா. தொட்டியை என் ஜன்னல்ல வையுங்க. தண்ணி மட்டும் வழக்கம்போல நீங்களே கொண்டு வாங்க."

மறுநாள் செம்போடு வந்தார். சாமி கைநீட்டி வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, வெறும் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"செடிக்கு, சாமி?"

"நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் அவரே குடித்தார். பல் கிட்டும் மார்கழிக் குளிரிலும் குடித்தார். ஜன்னலோரம் கள்ளி லேசாகச் சுருங்கியது.

"இந்த மனுஷனுக்கு அப்படி என்னதான் தாகமோ!" என்று வடிவாம்பாள் அடுப்பங்கரையில் பொருமினார். ஆனாலும் சொன்ன சொல்லுக்காக இருந்தார்.

மாசி பிறந்தது. ஒரு காலை சாமி கைநீட்டவில்லை.

"இன்னிக்கு அதுக்கே ஊத்துங்கம்மா."

வடிவாம்பாள் குனிந்தார். முள்ளுக்கு நடுவே சிவப்பாக, வட்டமாக, மொட்டுகள். செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினார்.

சில நாளில் அத்தனையும் விரிந்தன. கள்ளியின் தலையில் கிரீடம் வைத்தாற்போல் இருந்தது.

"வாங்க, எல்லாரும் வாங்க! முள்ளுன்னு சொன்னீங்களே, வந்து பாருங்க!"

சமையற்கட்டிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை அவர் குரல் கேட்டது. கேலி செய்தவர்களெல்லாம் வாய் பிளந்து நின்றார்கள். வடிவாம்பாள் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். மூட்டையை அன்றே பிரித்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் சாமியிடம் வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். அந்தக் குளிர்லயும் உங்களுக்கு அவ்வளவு தாகமா?"

சாமி பூவைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்கு ஒரு நாள்கூடத் தாகம் எடுக்கலம்மா. அதுக்கும் எடுக்கல."