ஆள்காட்டி வாங்காத உத்தரவு

பறவைகளெல்லாம் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், பனிமலை தாண்டிப் பட்டைத்தலை வாத்துகள் நம்ம பெரிய குளத்துக்கு வந்தன. குளிர் முடிந்தால் ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதானே? மற்றவை போயின. ஐந்து மட்டும் போகவில்லை. கரைமேல் சரளைப் பொட்டலில் உட்கார்ந்து, "இனி இந்தக் குளத்துக்கு நாங்கள்தான் சபை" என்றன. ஆயிரம் பறவை இருந்த குளம். ஒன்றாவது வாயைத் திறந்ததா? என்னத்தைச் சொல்ல!

முதல் சட்டமே கூட்டுக்குத்தான். மரத்திலோ புதரிலோ நாணலிலோ கூடு கட்ட உத்தரவு வாங்க வேண்டும். ஐந்து வாத்தும் ஒரே நேரத்தில் தலையாட்டினால்தான் உத்தரவு. அந்தக் குளத்தில் ஒரு முட்டைகூட இடாத வாத்துகள்! முட்டை காத்திருக்காது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

அப்போதெல்லாம் ஆள்காட்டிக் குருவிகளும் நாணலுக்குள்தான் கூடு கட்டின. மாடத்தி என்ற ஆள்காட்டிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. இடம் கேட்டுச் சபைக்குப் போனாள். அங்கே சேவகம் பார்த்தது நம்மூர்க் கொக்கு.

"பெரிய துரை குளிக்கிறார். நாளைக்கு வா" என்றது.

மறுநாள் ஒரு துரை மேயப் போயிருந்தார். மூன்றாம் நாள் ஐந்தும் இருந்தன. நாலு தலையாட்டின. ஐந்தாவது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது.

"கொக்கண்ணே, அவரை எழுப்புங்க. எனக்கு இப்பவோ அப்பவோன்னு இருக்கு."

"துரையை எழுப்பச் சட்டம் இல்லையே, மாடத்தி. கொஞ்சம் அடக்கிக்கோ."

"எதை அடக்க? முட்டையையா? உமக்குப் புத்தி கித்தி இருக்கா?"

அவளுக்கு வந்ததே கோபம்! "மரம், புதர், நாணல் எல்லாம் சட்டத்துல இருக்கு. இந்தப் பொட்டல் இருக்கா?"

கொக்கு யோசித்தது. இல்லை. வெறும் சரளையில் எவள் முட்டையிடுவாள் என்று சபை அதைச் சேர்க்கவே இல்லை.

மாடத்தி சபை நடுவிலேயே உட்கார்ந்தாள். ஒரு குச்சி இல்லை, புல் இல்லை. நாலு முட்டையையும் அந்தச் சரளையில் இட்டுவிட்டாள்.

"யாரைக் கேட்டு இட்டாய்?" என்று ஐந்து வாத்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தன. ஒரு மிதி மிதித்தால் எல்லாம் போச்சு. மாடத்தி எழும்பி, அவற்றின் தலைக்கு நேரே பாய்ந்து பாய்ந்து கத்தினாள். அடேயப்பா, அது என்ன கத்து! குளம் மொத்தமும் திரண்டு வந்து நின்றது. அத்தனை கண்ணையும் பார்த்த வாத்துகள் பின்பக்கமாகவே நடந்து, சிறகை விரித்து, வந்த வழியே போய்ச் சேர்ந்தன.

அன்றிலிருந்துதான் ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில் முட்டையிட்டுவிட்டு, மாடு மேய்க்கிறவர் வந்தாலும் சரி, மந்திரியே வந்தாலும் சரி, ஊரைக் கூட்டிக் கத்துகிறது.