ஓதுவாரின் பசி

"பேராசையை விடணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார் வந்தவர்.

"எது மேல பேராசை?" என்று கேட்டார் அம்மா.

"சோத்து மேல."

"எப்படித் தெரியும்?"

வந்தவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"பாத்தா தெரியலையா?"

"எனக்குத் தெரியல. யார் சொன்னா?"

"எல்லாரும்."

இது நடந்து நாற்பது வருஷம் ஆகிறது.

அப்போது எங்கள் மடம் குன்றின் அடியில் சின்னதாக இருந்தது. ஓடு வேய்ந்த ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு, ஒரு கிணறு. மடத்தை நடத்தியவரை எல்லாரும் அம்மா என்றுதான் அழைப்போம். வயது நாற்பதுகூட ஆகவில்லை. காவி கட்டமாட்டார். பாடம் என்று உட்கார வைத்து எதுவும் சொல்லவும் மாட்டார்.

நான் அங்கே சமையல். பெயர் வைரவன்.

இப்போது அங்கே பெரிய மண்டபம் கட்டிவிட்டார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று சாப்பிடலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பழைய கூடத்தில் ஐம்பது இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் ஒரு வாசனை எழுமே, அது இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

வந்தவர் பெயர் தில்லைநாயகம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய கோயிலில் ஓதுவார். கால பூஜைக்குத் தேவாரம் பாடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. நல்ல பருமன். எங்கள் மடத்து வாசலில் ஆறே படிகள். அதை ஏற இரண்டு முறை நின்றார்.

"கோயில்ல என்ன நடந்துது?" என்று கேட்டார் அம்மா.

"சன்னதியில பாடிக்கிட்டிருந்தேன். வரிசையில நின்ன ஒருத்தர் பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னார், சாமிக்குப் படைக்கிறதெல்லாம் எங்க போகுதுன்னு பாரு, அப்படின்னு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"பதிகத்தை முடிச்சேன். மறுநாள் காலையில பஸ் ஏறிட்டேன்."

"கோபம் வரலையா?"

"அவர் சொன்னது உண்மைதானேம்மா."

"படைச்சதைச் சாப்பிட்டீங்களா?"

"ஒரு உருண்டை. அதுவும் எல்லா நாளும் இல்ல."

"அப்புறம் எப்படி உண்மையாகும்?"

ஓதுவார் யோசித்தார்.

"உடம்பு பொய் சொல்லுமாம்மா?"

அம்மா எழுந்தார்.

"சாப்பாட்டு நேரம் ஆச்சு. வாங்க."

அன்றைக்கு வத்தக்குழம்பு. சுட்ட அப்பளம்.

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் ஈர்க்குச்சி. கையில் வளையல் நிற்காது. ஆனால் குழம்புக்கு மூன்று தடவை சோறு வாங்குவார். ரசத்துக்கு இரண்டு. மோருக்கு வரும்போது, "வைரவா, அடியில பிடிச்சது இருந்தா அதையும் போடு" என்பார்.

ஓதுவார் கைப்பிடி அளவு சோறு வாங்கினார். பிறகு இலையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அம்மா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சாப்பிடுறீங்களே" என்றார்.

"பசிக்குது."

"ஆனா உடம்புல ஒட்டலையே."

"எங்க போகுதுன்னு எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அம்மா அப்பளத்தை நொறுக்கினார்.

நான் ஓதுவாரின் இலையைப் பார்த்தேன். நடிக்கிறார் என்று நினைத்தேன். பையில் ஏதோ வைத்திருப்பார், தனியாக இருக்கும்போது தின்பார்.

சாப்பிட்டு முடித்ததும் ஓதுவார் கைகூப்பினார்.

"எனக்கு ஏதாவது நோன்பு கொடுங்க. எவ்வளவு கடுமையா இருந்தாலும் சரி."

"கொடுக்கிறேன். நாளையிலேர்ந்து பந்தியில பரிமாறுங்க. நாற்பது நாள்."

"அது நோன்பா?"

"அதுக்குள்ள ஒரு பேராசைக்காரரைக் கண்டுபிடிச்சு எனக்குக் காட்டணும். அதை எப்படி விடறதுன்னு அவர்கிட்டயே கேட்டுக்கலாம்."

"அதான் நான் இருக்கேனே."

"நீங்க பரிமாறுறவர். இலையில உக்காந்திருக்கிறவங்கள்ல பாருங்க."

மறுநாள் அவர் சோற்று வாளியைத் தூக்கினார்.

நன்றாகவே பரிமாறினார். குனிவது சிரமம். மூச்சு வாங்கும். ஆனாலும் யாரையும் இரண்டாம் முறை கேட்க வைக்கமாட்டார். மலைக்குப் போகிறவர்கள், பக்கத்துக் குவாரியில் கல் உடைக்கிறவர்கள், லாரிக்காரர்கள் என்று பந்திக்கு எல்லாரும் வருவார்கள்.

சாயங்காலம் அம்மா கிணற்றடியில் துணி துவைக்கும்போது அவர் போய் நிற்பார்.

"இன்னைக்குக் கிடைச்சாரா?"

"கல் உடைக்கிறவர் ஒருத்தர். ஒல்லி. அஞ்சு தடவை சோறு வாங்கினார்."

"அப்ப அவர்தானா?"

"இல்லம்மா. பசி. கையெல்லாம் காய்ச்சுப் போயிருந்துது."

இன்னொரு நாள் சொன்னார்.

"ஒரு பெரியவர் நாலு வடையைத் துண்டுல முடிஞ்சுக்கிட்டார்."

"அவரா?"

"வீட்ல யாரோ இருக்காங்க போலம்மா."

ஒரு லாரிக்காரர் வந்தார். ஓதுவாரைவிடப் பெரிய உடம்பு. பாயசத்தை மட்டும் மூன்று டம்ளர் குடித்தார்.

"இன்னைக்குக் கிடைச்சிருப்பாரே" என்றார் அம்மா.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா தன் இலையில இருந்த அப்பளத்தை எடுத்துப் பக்கத்துல இருந்தவருக்கு வச்சார். ருசிச்சுச் சாப்பிடுற மனுஷன்மா. பேராசைன்னு சொல்ல வாய் வரல."

அம்மா துணியைப் பிழிந்தார்.

"அவருக்குப் பசி. இவருக்கு ருசி. உங்களுக்கு?"

"எனக்குப் பேராசைதான்" என்றார் ஓதுவார்.

அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

எனக்கும்தான். இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. இருபதாம் நாள் வாக்கில், அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். முறுக்கோ மிட்டாயோ ஒரு பொட்டலமாவது இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

இரண்டு வேட்டி. தேவாரப் புத்தகம். கொள்ளுப்பொடி ஒரு டப்பா. அதற்கடியில் நூல் போட்டுக் கட்டிய சின்னச் சின்ன அட்டைகள்.

ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் மெஷின் இருக்குமே, அந்த அட்டைகள். ஏறி நின்று காசு போட்டால் கலர் விளக்குகள் சுற்றும். சக்கரம் நின்றதும் டக்கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை. மறு பக்கம் நம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை. என் கல்யாணத்துக்கு மறுமாதம் திண்டுக்கல் ஜங்ஷனில் நானும் என் மனைவியும் ஒன்றாக ஏறி நின்று, யாருடைய எடை எவ்வளவு என்று தெரியாமல் சிரித்திருக்கிறோம்.

ஓதுவார் கட்டி வைத்திருந்ததில் நூறு அட்டையாவது இருக்கும். விழுப்புரம். விருத்தாசலம். மாயவரம். ஒவ்வொன்றிலும் ஊரும் தேதியும் பென்சிலால் எழுதியிருந்தார்.

நிமிர்ந்தேன். ஈரத் துண்டோடு அவர் வாசலில் நின்றிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க கச்சேரிக்குப் போனாலும் ஏறி நின்னுடுவேன்" என்றார். "இந்தத் தடவை குறைஞ்சிருக்கும்னு ஒரு நினைப்பு."

"குறைஞ்சிருக்கா ஐயா?"

"ஒரே ஒரு தடவை." ஓர் அட்டையை உருவிக் காட்டினார். "டைபாய்டு வந்து எழுந்தப்ப. நிக்கவே முடியல. பாத்தவங்கல்லாம், இப்பத்தான் நல்லா இருக்கீங்கன்னு சொன்னாங்க."

அட்டையின் மறுபக்கத்தைத் திருப்பி வாசித்தார். அதில், 'உங்கள் மனஉறுதி பலருக்கும் முன்மாதிரி' என்று இருந்தது.

இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

அம்மாவிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன்.

"தேடினது கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"ஏமாத்தமா இருந்துதா?"

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் ஒரு பஸ் வந்தது. மலைக்குப் போகிற கூட்டம். கூடம் நிறைந்துவிட்டது.

கடைசி வரிசையில் சுவரோரமாக ஒரு பெண். முப்பது வயது இருக்கும். பருமன். புடவைத் தலைப்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, இருக்கிற இடத்தைக் குறைத்துக்கொள்வது போல உட்கார்ந்திருந்தாள்.

ஓதுவார் சோறு வைக்கக் குனிந்தார். பாதிக் கரண்டி விழுவதற்குள் அவள் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டாள்.

"போதுங்க."

"ஒரு கரண்டிகூட விழலையேம்மா."

"எனக்கு அவ்வளவாப் பசிக்காதுங்க."

அவர் நகர்ந்தார். அடுத்த இலை. அதற்கடுத்த இலை. நாலாவது இலையில் நின்றுவிட்டார்.

நான் சாம்பார் வாளியோடு அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"ஐயா, நகருங்க."

நகரவில்லை. திரும்பினார்.

வந்த வழியே போய் அந்தப் பெண்ணின் எதிரில், ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாகக் குந்தினார்.

"மன்னிச்சுக்கம்மா."

"எதுக்குங்க?" அவள் பயந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? யாரும் பாக்கல."

அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். கையை எடுத்தாள்.

இரண்டு கரண்டி வைத்தார். பிறகு எழுந்து, பந்திக்கு முதுகைக் காட்டாமல், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவ்வளவு பெரிய உடம்புக்குப் பின்னால் ஒருத்தி சாப்பிடுவது யாருக்கும் தெரியவில்லை. மிச்ச இலைகளுக்கு நானே சோறு வைத்தேன்.

பஸ் போன பிறகு கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லம்மா." ஓதுவார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பொண்ணு போதும்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சு."

"என்ன?"

"வீட்லயே நல்லாத் தின்னுட்டு வந்திருக்கும், இங்க வேஷம் போடுதுன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் நினைச்சேம்மா. இந்த உடம்பை வச்சுக்கிட்டு நானே நினைச்சேன்."

அம்மா ஓர் இலையை எடுத்துப் போட்டார். தண்ணீர் தெளித்தார்.

"உக்காருங்க."

ஓதுவார் உட்கார்ந்தார். அம்மாவே சோறு வைத்தார். ஒரு கரண்டி. இரண்டு. அவர் கை இலையை மறைக்கவில்லை. மூன்று. நான் ஓடிப்போய் ரசத்தைச் சுடவைத்துக் கொண்டுவந்தேன்.

பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"அது என் வார்த்தை இல்லம்மா" என்றார். "எங்க அப்பா சொல்றது."

"யாரைப் பத்தி?"

"எங்க அம்மாவைப் பத்தி. அவளுக்கும் இதே உடம்பு. எங்களுக்கெல்லாம் போட்டுட்டு, கடைசியா உள்ள போய்த் தனியா உக்காருவா. நாம எல்லாரும் எழுந்ததும் உள்ள உக்காந்து தின்னுறா, அதான் இப்படி ஊதிக் கிடக்கிறாம்பார் அப்பா. நாங்க சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பா."

முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். விழுங்கினார்.

"வீட்ல ஏழு பேரு" என்றார்.

அம்மா அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"மத்தியானம் பாத்திரம் தேய்க்கிறது என் வேலை. எனக்கு ஒன்பது வயசு. நாங்க சாப்பிட்டு எழுந்ததும், ஒரு பருக்கைகூட மிஞ்சாத சோத்துப்பானையைத் தூக்கிட்டு நேரே கிணத்தடிக்குப் போயிடுவேன்."

அவர் கை இலையிலேயே நின்றது.

"அவ அப்பத்தான் உள்ள போய் உக்காருவா."