சந்தனமேரியின் உள்ளங்கையில் இரண்டு பல்

“என் அலமாரியிலிருந்த சுறாப்பல்லை இந்தச் சமையல்காரி திருடிவிட்டாள்!” என்று மறுபடியும் அதையே, ஓர் எழுத்து மாறாமல் கத்தினார் புதைபடிவச் சங்கத் தலைவர் அருமைநாயகம்.

காரை ஊர் ஓடையில் கல்லாகிப்போன அந்தப் பல்லைக் கண்டெடுத்தவளே அந்தச் சமையல்காரி சந்தனமேரிதான். சங்கத்தின் கண்காட்சியில் அவள் பேரைப் போட்டு வைத்துவிடுவார்களே என்று மனிதருக்கு வயிற்றெரிச்சல். அவர் கண் அந்தப் பல்லின்மேல்தான் என்று அவளுக்கா தெரியாது?

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சங்கத்தார் முன்னால் இரண்டு பல்லை நீட்டினாள். இரண்டும் பழுப்பு, இரண்டும் கூர்.

“உங்களுதை நீங்களே எடுத்துக்குங்க ஐயா.”

பளபளவென்றிருந்ததைப் பிடுங்கினார் அவர். “இதேதான்! பத்துக் கோடி வருஷத்துப் பல்! முழங்கால் தேய நானே தோண்டியெடுத்தேன்!”

“அது ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் புட்டு செஞ்ச சுறாவோட பல்லுங்க. பழுப்பேறட்டும்னு டீத்தண்ணியில ஊறப்போட்டு வச்சிருந்தேன். ரெண்டு தட்டு சாப்பிட்டீங்களே, மறந்துட்டீங்களா?”

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்த நொடி எல்லாத் தலைகளும் அவள் கையில் மிஞ்சிய நிஜப் பல்லின்மேல் கவிழ்ந்தன.

“ஓரத்தைப் பாரேன், ரம்பம் மாதிரி!”

“எந்தப் பக்கம் கிடைச்சுது மேரி? சொல்லு, சொல்லு!”

புட்டுப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எம்பி எம்பிப் பார்த்தார் அருமைநாயகம்.

“கொஞ்சம் வழி விடுங்களேன், நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்!”