நாலு பெயிண்டர்களும் ஒரு சாம்பிள் பழமும்

பெங்களூரில் மூளைக்காரர்களுக்குக் குறைச்சலே இல்லை. திரும்பின பக்கமெல்லாம் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் கட்டடத்துக்கு யாராவது பெயிண்ட் அடிக்க வேண்டுமே! அந்த வேலைக்கு ஸ்ரீராமபுரத்தில் நாலு பேர் இருந்தார்கள். ஏகாம்பரம் மேஸ்திரி, அவருக்குக் கீழே முனிரத்தினம், லூர்து, சம்பங்கி.

வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு வீட்டுக்காரர், "ஹால் முழுக்க வெள்ளையா இருக்கணும், ஒரு இடம் விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். இவர்களும் ஓர் இடம் விடவில்லை. திரும்பி வந்த மனிதர் சுவிட்ச் எங்கே, கடிகாரம் எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டு ஒரு வாரம் அலைந்தாராம்.

இந்த நாலு பேரில் முனிரத்தினத்துக்குத்தான் இப்போது கஷ்டகாலம். அவன் பெண்டாட்டி கோமளா மூன்று மாதக் கர்ப்பம். மூன்று வாரமாக எது சாப்பிட்டாலும் வாந்தி. சோறு வேகிற வாசனை வந்தாலே பின்வாசலுக்கு ஓடினாள். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. சனிக்கிழமை காலையில் அவளே வாயைத் திறந்து கேட்டாள்.

"இன்னாங்க, ஸ்ட்ராபெரி துன்னணும்போல கீது. கடையில விக்கிறது வேணாம், ஒரே புளிப்பு. செடியில இருந்து அன்னைக்கே பறிச்சது வேணும்."

மூன்று வாரத்தில் அவள் கேட்ட முதல் சாப்பாடு அது. முனிரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நந்தி மலைக்குப் போகிற ரோட்டில் ரத்னம்மா என்கிற பெண்மணி ஸ்ட்ராபெரித் தோட்டம் வைத்திருப்பதாகவும், காசு கட்டி நாமே பறித்துக்கொள்ளலாம் என்றும் யாரோ சொன்னார்கள். உடனே போன் போட்டான்.

"நாளைக்கு வந்துடுங்க" என்றார் ரத்னம்மா. "நாளைக்குத்தான் கடைசி. திங்கக்கிழமை செடியெல்லாம் பிடுங்கிடுறோம். பன்னெண்டு மணிக்கு கேட்டைச் சாத்திடுவேன். மெயின் ரோட்டுல பச்சைப் பலகை இருக்கும், அதைப் பார்த்துக்கிட்டே வாங்க. நல்லா சிவந்த பழமா பறிங்க. செடியை மட்டும் மிதிச்சுடாதீங்க."

அன்று சாயங்காலம் மேஸ்திரி வீட்டு மாடியில் கூட்டம் கூடியது. நாலு பேரும் காலி பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். யாருமே ஸ்ட்ராபெரியைச் செடியில் பார்த்ததில்லை. ஆகவே யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருந்தன.

"எவ்ளோ ஒசரத்துல காய்க்கும்?" என்று ஆரம்பித்தார் மேஸ்திரி.

"பழம்னா மேலதான் இருக்கும்" என்றான் லூர்து. "மாம்பழம் மேல. பலாப்பழம் மேல. தேங்கா இன்னும் மேல."

"அந்தம்மா செடின்னு சொன்னாங்களே" என்றான் முனிரத்தினம்.

"வெளிநாட்டுச் செடிடா. அவங்க ஊர்ல ஆளுங்களே ஆறடி. செடி எவ்ளோ இருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ."

கணக்குப் போட்டுப் பார்த்ததில் இருபதடி ஏணி தேவைப்பட்டது. ஏணியில் ஏறித்தான் பறிப்பது என்று தீர்மானமாயிற்று.

அடுத்தது சிவப்பு. நல்ல சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு? மேஸ்திரி பெயிண்ட் நிறங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் ஷேடு கார்டை விரித்தார். அதில் இருபத்தாறு சிவப்பு இருந்தது. நாலு பேரும் மாடியிலிருந்து இறங்கி, முனிரத்தினம் வீட்டுக்குப் போய், கோமளாவின் முன்னால் கார்டை நீட்டினார்கள்.

"இதுல எதும்மா உனக்கு வேணும்?"

கோமளாவுக்கு அப்போதுதான் ஒரு வாந்தி முடிந்திருந்தது. எதையோ ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"நம்பர் பதினெட்டு" என்று சம்பங்கி எழுதிக்கொண்டான். "முடிஞ்சுது, மேஸ்திரி."

"எங்கடா முடிஞ்சுது?" மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "கார்டுல பார்க்கிறது வேற, சுவத்துல பார்க்கிறது வேற. ராஜாஜி நகர் வீடு மறந்துபோச்சா? மூணு மாடி அடிச்சு முடிச்சப்புறம் அந்தம்மா வந்து, இந்தக் கலரையா கேட்டேன்னு அழுதாங்களே. சாம்பிள் காட்டாம வேலையை ஆரம்பிச்சதுக்கு மூணு மாடியும் திரும்ப அடிச்சோம். இனி எந்த வேலையா இருந்தாலும் சரி, முதல்ல ஒரு சாம்பிள். வீட்டம்மா பார்த்து பாஸ் பண்ணணும். அப்புறம்தான் மத்தது."

அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மேஸ்திரியின் குட்டி டெம்போ கிளம்பியது. முனிரத்தினம் ஓட்டினான். மேஸ்திரி பக்கத்தில். பின்னால் ஏணி, பலகைகள், நாலு வாளி, லூர்து, சம்பங்கி. ஊரைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் பச்சைப் பலகை கண்ணில் பட்டது. ஸ்ட்ராபெரிப் படம், கீழே இடது பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி. முனிரத்தினம் சந்தோஷமாகப் பலகையைத் தாண்டிப் போனான்.

"நிறுத்து!" என்று மேஸ்திரி கத்தினார். "அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"பலகையைப் பார்த்துக்கிட்டே வாங்கன்னாங்க."

"இப்போ நீ பார்க்கிறியா?"

முனிரத்தினம் திரும்பிப் பார்த்தான். பலகை பின்னால் நின்றது. பார்த்துக்கொண்டே போனால் வண்டியை எதன் மேலாவது ஏற்றிவிடுவான். பார்க்காமல் போனால் சொன்ன பேச்சை மீறியதாகும். அந்த ரோட்டோரத்தில் பத்து நிமிடம் ஆலோசனை நடந்தது. கடைசியில் நாலு பேரும் சேர்ந்து பலகையைப் பிடுங்கி, வண்டிக்குள் ஓட்டுகிறவன் கண்ணெதிரே சாய்த்து வைத்தார்கள்.

அதன் பிறகு சிரமமே இல்லை. முனிரத்தினம் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்புக்குறி இடது பக்கம் காட்டியது; இடது பக்கம் திரும்பினான். அடுத்த முனையிலும் இடது பக்கம் காட்டியது. அதற்கடுத்த முனையிலும் அப்படியே. வழியில் ஓர் இளநீர்க்காரர் வண்டியோடு நின்றிருந்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னோர் இளநீர்க்காரர். அப்புறம் இன்னொருவர்.

"மேஸ்திரி, இந்தப் பக்கத்து இளநீர்க்காரங்க எல்லாம் ஒரே ஜாடையா கீறாங்க" என்று பின்னாலிருந்து சம்பங்கி சொன்னான்.

"அண்ணன் தம்பிங்களா இருக்கும். சொல்லி வெச்ச மாதிரி ஒரே சட்டை போட்டுகினு கீறாங்க பாரு. நல்ல ஒத்துமை."

ஒன்பதாவது தம்பியைத் தாண்டும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பலகை சரிந்து குத்துவாக்கில் நின்றது. அம்புக்குறி இப்போது வானத்தைக் காட்டியது. முனிரத்தினம் பிரேக் போட்டான்.

"மேல போகச் சொல்லுது, மேஸ்திரி."

"அதுக்குத்தான் ஏணி கொண்டாந்தோம்" என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் அசராமல்.

ரோட்டோரத்துப் புளியமரத்தில் ஏணியைச் சாய்த்தார்கள். முனிரத்தினம் கடைசிப் படி வரைக்கும் ஏறினான். ஏறிப் பார்த்தால், இரண்டு வயல் தள்ளி, வரிசை வரிசையாகப் பாத்திகள், நடுவில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்! இறங்கியதும் மேஸ்திரி அவன் முதுகில் தட்டி, பலகை பொய் சொல்லாது என்றார்.

தோட்டத்து வாசலில் ரத்னம்மா கவலையோடு நின்றிருந்தார். மணி எட்டாகியும் ஒரு கார் வரவில்லை.

"நாப்பது பேர் வர்றதா சொன்னாங்க. வழி தெரியலைன்னு ஆளாளுக்கு போன் பண்றாங்க. பலகையைக் காணோமாமே?"

"பயப்படாதீங்கம்மா" என்றான் சம்பங்கி. "எங்ககிட்டதான் பத்திரமா கீது."

ரத்னம்மா அவர்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பலகையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு, பழத்துக்கு ஒரு காலிப் பெட்டியைக் கொடுத்து இவர்களை உள்ளே விட்டார்.

செடியைப் பார்த்ததும் நாலு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. முழங்கால் உயரம்கூட இல்லை. பழம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

"ஏணி?" என்றான் லூர்து.

"தீர்மானம் தீர்மானம்தான்" என்றார் மேஸ்திரி. "செடியையும் மிதிக்கக் கூடாது, இல்லையா?"

நாலு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் இருபதடி ஏணியைப் படுக்கப்போட்டார்கள். பாத்திக்குக் குறுக்கே பாலம் மாதிரி ஆகிவிட்டது. முனிரத்தினம் ஒரு முனையில் தொடங்கி, கையால் படியைப் பிடித்துப் பிடித்து, படுத்தபடியே மேலே ஏறினான். அவன் கீழே விழுந்துவிடாதபடி லூர்து காலைப் பிடித்துக்கொண்டான். நடுவில் ஒரு பழம் தெரிந்தது. தலைக்கு மேலே, அதாவது மூக்குக்குக் கீழே. ஷேடு கார்டை வைத்துப் பார்த்தான். பதினெட்டு! காம்போடு கிள்ளினான்.

"ஒண்ணு!"

"போதும், இறங்கு" என்றார் மேஸ்திரி. "சாம்பிள் கிடைச்சாச்சு."

ஒரே ஒரு பழத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர்களை ரத்னம்மா தடுத்தார்.

"இன்னாப்பா, இவ்ளோ பழம் கிடக்குது, பெட்டி காலியா வெச்சுட்டுப் போறீங்க?"

"வீட்ல காட்டிட்டு வந்துடறோம்மா. பாஸ் ஆகணும்."

"வீடு எங்க?"

"ஸ்ரீராமபுரம்."

ரத்னம்மா கடிகாரத்தைக் காட்டி, பன்னிரண்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவேன் என்று ஞாபகப்படுத்தினார்.

வீட்டை அடையும்போது மணி ஒன்பதே முக்கால். கோமளா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். மேஸ்திரி துணியைப் பிரித்து, பழத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கோமளா அதை வாங்கினாள். ஒருதரம் முகர்ந்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

நாலு பேரும் "ஐயோ!" என்று அலறினார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். முழுங்கினாள். முனிரத்தினம் பழக்கதோஷத்தில் பக்கெட்டை எடுத்து நீட்டினான். அவள் அதைத் தள்ளிவிட்டாள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. வாந்தி வரவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இதேதாங்க. இன்னும் வேணும்."

முனிரத்தினம் பக்கெட்டைக் கீழே வைத்தான். ஓடிப்போய் ஒரு பெட்டி பறித்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று துடித்தான். ஆனால் மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ் பண்ணிட்டா, சரி. சாம்பிள் எங்கடா? எதை வெச்சு மேட்ச் பண்றது? இந்த வேலையில நாப்பது வருஷம் ஆச்சு, சாம்பிளைத் துன்ன வீட்டம்மாவை நான் பார்த்ததில்ல."

"இன்னொரு சாம்பிள் கொண்டாரலாமா?" என்றான் லூர்து.

"அதையும் துன்னுட்டா?"

"மேஸ்திரி, பன்னெண்டு மணிக்கு கேட்டைச் சாத்திடுவாங்க!" என்று முனிரத்தினம் கெஞ்சினான். "நாளைக்குச் செடியே இருக்காது."

எல்லோரும் திகைத்து நிற்க, சம்பங்கிதான் பார்த்தான்: கோமளாவின் ஆள்காட்டி விரல் நுனியில் சிவப்பாகச் சாறு ஒட்டியிருந்தது. மேஸ்திரி பாய்ந்துபோய் அந்த விரலைக் கார்டில் வைத்துப் பார்த்தார். பதினெட்டு இல்லை, இருபத்தொன்று! "பார்த்தீங்களாடா, கார்டு வேற, சுவரு வேற" என்று அவர் உருகிப்போனார்.

திரும்பிப் போனபோது மணி பதினொன்றே கால். பலகை பழைய இடத்தில் நின்றது. மேஸ்திரி அதைப் பிடுங்க இறங்குவதற்குள் முனிரத்தினம் வண்டியை விரட்டிவிட்டான். தன் வாழ்நாளில் மேஸ்திரி பேச்சை அவன் மீறியது அந்த ஒரு தடவைதான். தோட்டத்தில் இப்போது ஒரே கூட்டம். குடும்பம் குடும்பமாகக் குனிந்து பறித்தவர்கள், ஏணி மேல் படுத்து ஊர்ந்துகொண்டு, ஒவ்வொரு பழத்துக்கும் கார்டு வைத்துப் பார்க்கிற நாலு பேரைப் போட்டோ எடுத்தார்கள். கேட்டைச் சாத்தும் நேரத்தில் ஒரு பெட்டி நிறைந்தது. எல்லாம் அச்சு அசலாக நம்பர் இருபத்தொன்று.

ஒன்றரை மணிக்கு வீடு வந்தார்கள். முனிரத்தினம் பழங்களைக் குழாயடியில் அலம்பி, தட்டில் பரப்பி, கோமளாவின் முன்னால் வைத்தான். அவள் ஆசையோடு கையை நீட்டினாள்.

"தொடாத!" மேஸ்திரி பதறிக் குறுக்கே விழுந்தார். "ஈரம்! வேலை முடிஞ்சா இருபத்திநாலு மணி நேரம் காயணும். இப்போ விரல் பட்டா ரேகை விழுந்துடும்."

லூர்து மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டான். சம்பங்கி ஓர் அட்டையில் 'ஈரம், தொடாதீர்' என்று எழுதித் தட்டின் மேல் சாய்த்தான். முனிரத்தினம் பெண்டாட்டியையும் பார்த்தான், மேஸ்திரியையும் பார்த்தான். இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டதில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கோமளாவுக்குப் பசி உயிர் போனது. ஆனால் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறதே, இவர்களிடம் கத்திப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். கழுத்தைச் சாய்த்துத் தட்டைப் பார்த்தாள்.

"மேஸ்திரி, அந்த ஓரத்துல கீறது கொஞ்சம் வெளுப்பா தெரியுதே?"

மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. "இருக்காதும்மா. எல்லாம் ஒரே ஷேடு."

"நீங்க சொன்னா ஆச்சா? வீட்டம்மா செக் பண்ண வேணாமா? காலையில சாம்பிளை எப்படிப் பார்த்தேனோ அப்படித்தான் பார்ப்பேன்."

ராஜாஜி நகர் மூன்று மாடியும் மேஸ்திரியின் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். ஓரத்துப் பழத்தை எடுத்துக் கொடுத்தார். கோமளா கண்ணை மூடி, மென்று, முழுங்கினாள்.

"இது சரிதான். பக்கத்துல கீறது?"

அதையும் கொடுத்தார். அதுவும் சரியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததில் சந்தேகம் வந்தது. இப்படியே ஒன்றொன்றாக, அவசரமில்லாமல், ஒரு மணி நேரம் சோதனை நடந்தது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பழத்தில்கூட அவளால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசிப் பழமும் பாஸானதும் கோமளா ஒரு நல்ல ஏப்பம் விட்டு, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு சாய்ந்தாள். முனிரத்தினம் ஆனந்தத்தில் லூர்துவைக் கட்டிக்கொண்டான்.

மேஸ்திரி நெற்றி வேர்வையை வழித்துப் போட்டார். காலித் தட்டின் மேல் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. திருப்தியோடு அட்டையை எடுத்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கோமளாவிடம் நீட்டினார்.

"சுத்தமா காஞ்சிடுச்சும்மா. இனிமே தாராளமா துன்னலாம்."