பத்தாயிரத்து ஒன்று

“என்னை மட்டும் ஏன் இன்னும் துறவில் சேர்க்கவில்லை, அடிகளே?”

கேட்டவர் சாந்திசேனர். நரைத்த தலை. கீழே ஊரில் நிலம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு சமணத் துறவிகள் வாழும் மலைப்பள்ளிக்கு வந்திருந்தார்.

கேட்கப்பட்டவர் அங்கே ஆசிரியராக இருந்த பெண்துறவி, குரத்தி விசயமதி. அவரைவிட வயதில் மிகவும் இளையவர்.

மனத்தை இரண்டாக்குவது ஏதேனும் உண்டா என்று குரத்தி விசாரித்தார்.

ஒன்றுமில்லை என்றார் சாந்திசேனர். வீடு, நிலம், தம்பி, நாவின் ருசி, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

“பத்தாயிரத்து ஒன்று. ஒன்றையும் அதையும் தவிர, மிச்சமில்லாமல் அதை வகுக்கும் எண் உண்டா?” என்று கேட்டார் குரத்தி.

சாந்திசேனர் பாறையில் மணலைப் பரப்பி உட்கார்ந்தார். மூன்றால் வகுத்தார். ஏழால் வகுத்தார். பதின்மூன்றால் வகுத்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. விரல் நுனி தேய்ந்தது.

மாலையில் வந்து, அது வகுபடாத எண் என்றார்.

“எதுவரை பார்த்தீர்கள்?”

“எழுபத்தொன்றுவரை. இத்தனைக்கும் அசையாதது இனிமேலா அசையும்?”

குரத்தி தலையசைத்தார். மறுநாள் காலையில் அவருக்குத் துறவு கொடுக்கச் சொன்னார்.

காலையில், துறவுக்கான சடங்காக, இரண்டு துறவிகள் அவர் தலைமயிரைக் கையால் பறித்தார்கள். வலி தெரியாமலிருக்க, ஒவ்வொரு பறிப்பையும் அவர் மனதுக்குள் எண்ணினார்.

எழுபத்து மூன்று வந்தது.

பழகிய மனம் தானாகக் கணக்குப் போட்டது. பத்தாயிரத்து ஒன்றிலிருந்து எழுபத்து மூன்றை நூறு முறை எடுத்தது. மிச்சத்திலிருந்து இன்னும் முப்பத்தேழு முறை எடுத்தது.

ஒன்றும் மிஞ்சவில்லை.

சாந்திசேனர் துறவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாதித் தலையோடு எழுந்து குரத்தியிடம் போனார்.

“அது வகுபடுகிறது. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பிறகு ஏன் தலையசைத்தீர்கள்?”

குரத்தி அவருடைய பாதித் தலையைப் பார்த்தார். சாந்திசேனருக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

பிறகு, யாரும் கேட்காமலே அவர் சொன்னார். அவருக்கு ஒரு மகள். பெயர் பூவிலை. அவர் வேண்டாமென்று சொன்னவனை மணந்து போனவள். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார். மனத்தைச் சோதித்தபோதும் அவளை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை.

“நான் வகுபடாத முழுசு என்று நினைத்திருந்தேன், அடிகளே.”

“எழுபத்து மூன்றை நூற்று முப்பத்தேழால் பெருக்குங்கள்.”

“பத்தாயிரத்து ஒன்று.”

“வகுபட்டதில் எவ்வளவு குறைந்தது?”

சாந்திசேனர் விரல்களை மடக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். மறுபடியும் மடக்கினார். ஒன்றும் குறையவில்லை.

மலையடிவாரத்துப் பாதையைப் பார்த்தார். ரத்தம் கசிந்த பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

“இப்படிப் போய் நின்றால் கதவைத் திறப்பாளா?”

“அது எனக்குத் தெரியாது” என்றார் குரத்தி.