பிராந்திக்கடை வாசலில் பீடித் தட்டுகள்

கதையை நான் சொல்லிவிடுவேன். தீர்ப்பு உங்கள் கையில். அதனால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு பீடி ஊர். அங்கே பெண்கள் மடியில் தட்டை வைத்து, ஊறின இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருப்பார்கள். தனியாக இருந்தால் கை ஓடாது என்பார்கள். ஒருத்தி எந்த நிழலில் உட்காருகிறாளோ, மற்றவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் தட்டோடு அங்கே போய் உட்காருவாள்.

பள்ளிக்கூடம் போகிற பாதையில் ஒரு பிராந்திக்கடை வந்தது. பீடி சுற்றுகிற மாரிக்கனியின் மகளை ஒரு குடிகாரன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். 'இனிப் படிக்கப் போகமாட்டேன்' என்று அந்தப் பிள்ளை வீட்டு மூலையில் முடங்கிவிட்டது. மறுநாள் மாரிக்கனி கடை வாசலை மறித்து உட்கார்ந்தாள். மறியல் என்றாலும் அன்றைய பீடியைக் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டுமே; தட்டும் கூடவே போனது.

அந்த வழியாகத் தட்டோடு ஜெய்னம்பு வந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள். குடிக்கிற ஆளும் அவள் வீட்டில் இல்லை. மாரிக்கனியைக் கண்டதும், இன்றைக்கு நிழல் இங்கேதான் போல என்று பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்ட ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூக்கைச் சுளித்தாள்.

"ஏளா மாரி, ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா? என்ன நாத்தம்!"

"மறியல் பண்ணுதேன் மதினி."

"மறியலா! அத மொதல்லயே சொல்லப்படாதா? நான் பாட்டுக்கு வந்து உக்காந்துட்டேனே!"

"எந்திச்சுப் போயிருங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

ஜெய்னம்பு எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு மாரிக்கனியின் முகத்தைப் பார்த்தாள். "வெட்டுன எலை காஞ்சு போவும்ளா" என்று சொல்லி, தட்டை மறுபடியும் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

இரண்டு தட்டைக் கண்டதும் தெருவே தட்டோடு வந்து சேர்ந்தது. கடைசியாக வந்தவள் தங்கபுஷ்பம். அவள் புருஷன் அந்தக் கடையில்தான் விற்பனை பார்த்தான். கடை போனால் அவன் வேலையும் போகும்.

"நீயுமாட்டி?" என்று அவன் உள்ளேயிருந்து கத்தினான்.

"நீரு உள்ள இரும், நான் வெளிய இருக்கேன். வீட்லயும் அப்படித்தானே!" என்றாள். வாசலே குலுங்கிச் சிரித்தது.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். "கடைய மூட உத்தரவு வந்துட்டும்மா. ஆனா ரோட்ட மறிச்சதுக்குக் கேஸ் உண்டு. தலைவி யாரோ, அவங்க மட்டும் ஜீப்புல ஏறுங்க" என்றார்.

கோர்ட்டுக்கு அலைகிற நாளில் பீடி சுற்ற முடியாது, அடுப்பும் எரியாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே மூன்று பேர் எழுந்தார்கள்.

"எம் பிள்ளைக்காக ஆரம்பிச்சது நான்" என்றாள் மாரிக்கனி.

"இவ போயிட்டா, பயந்து கெடக்க பிள்ளைக்கு யாரு? நான் வாரேன்" என்றாள் ஜெய்னம்பு.

"இந்தக் கடைச் சோத்த இத்தன நாளும் தின்னவ நான். நான்தான் போகணும்" என்றாள் தங்கபுஷ்பம்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்கயும் தப்பிக்கத்தாம்மா போட்டி போடுவாங்க!"

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: தலைவி என்று எழுதத் தகுந்த பெயர் இந்த மூவரில் யாருடையது?

என்னைக் கேட்டால் ஜெய்னம்பு. மாரிக்கனியைக் கூட்டிவந்தது பெற்ற வயிற்றின் எரிச்சல். தங்கபுஷ்பத்தை மன உறுத்தல் கூட்டிவந்தது. அவள் இழந்ததை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனாலும் அவள் வந்தபோது துணைக்கு ஒரு தெருவே இருந்தது. ஜெய்னம்புவைக் கூட்டிவர ஒரு காரணமும் இல்லை. தெரியாமல் வந்தாள், தெரிந்ததும் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. அவள் எழுந்து போயிருந்தால், தெரு வந்திருக்காது. அன்று முந்திக்கொண்டு ஜீப்பில் ஏறியதும் அவள்தான். அழுதுகொண்டே பின்னால் ஓடிய மாரிக்கனியை அதட்டினாள்: "நாளைக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விடுளா. அதுக்குத்தானே உக்காந்தோம்!"