இளவரசியின் பொரிகடலைக் கடை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் கோபம் வந்தால் ஊருக்கே சோறு இறங்காத காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரே மகள், ஏழு வயது மரகதவல்லி. ஒரு நாள் விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராணி, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "உங்க ஊர்ல அரிசி என்ன விலை கண்ணு?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"அரிசிக்கு எதுக்கு விலை? அதான் சமையல்கட்டுல சும்மாவே கிடக்கே" என்றது குழந்தை.

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாளைக்கு நாடாளப் போகிறவள் இப்படியா? மறுநாளே சபையில் விகடன் நல்லபெருமாளை அழைத்து, "அடுத்த பௌர்ணமிக்குள் இளவரசிக்குப் பணத்தின் அருமை தெரிந்தாக வேண்டும்" என்றார்.

அரண்மனைக்குச் சரக்கு வாங்கும் உக்கிராணத் தலைவர் பூதலிங்கத்துக்கு விகடனைக் கண்டாலே வயிறு எரியும். அவர் எழுந்தார். "மகாராஜா, இளவரசி கடைக்குப் போவது மரபல்ல. வணிகர் அந்தப்புரத்துக்குள் வருவதும் தகாது. காசோ கண்டவர் கைபட்டது, அதைத் தொடவும் கூடாது."

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா. "நல்லபெருமாளே, அப்படியே கற்பியும். தவறினால் இந்த நாட்டில் உமக்கு இடமில்லை."

விகடன் வீட்டை நினைத்துப் பார்த்தான். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவளை அழைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

ஆனால் ஆள் லேசுப்பட்டவனா? கடைக்குப் போகக் கூடாது என்றார்களே தவிர, கடை வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அந்தப்புர முற்றத்தில் கொட்டாங்கச்சியில் தராசு கட்டினான். பொரி, கடலை, வெல்லம் பரப்பினான். காசுக்குப் பதில் புளியங்கொட்டை. கடைக்காரி மரகதவல்லி, தாதிகளும் காவலர்களும் வாடிக்கை.

முதல் நாள் குழந்தை எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டது. மறுநாள் கடை காலி. "கொட்டை குடுத்தாத்தான் சரக்கு வரும் தாயி" என்று விகடன் கையை விரித்தான். குழந்தை அழுது தீர்த்தது. அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே, ஒற்றைக் கொட்டைக்காகச் சமையற்காரனோடு மல்லுக்கு நின்றது.

பூதலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழந்தையைக் குழப்பிவிடலாம் என்று அவரும் கடைக்கு வரப்போக இருந்தார். குழந்தைதானே, விளையாட்டுதானே என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்.

பௌர்ணமியன்று ராஜா சபையோரோடு வந்தார். ஒரு பிடி கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "ஒரு படி பொரி என்ன விலை அம்மா?" என்றார்.

"நாலு கொட்டை." பிறகு குழந்தை குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அரண்மனைக்குன்னா பத்து. மிச்சம் ஆறு உங்களுக்கு. ராஜாகிட்ட பத்துன்னே சொல்லிடுங்க."

ராஜாவுக்குப் புரையேறியது. "யார் அம்மா இதைச் சொன்னது?"

"உக்கிராண மாமா. கடைக்காரங்க எல்லாரும் அப்படித்தான் குடுப்பாங்களாம். காலங்காலமா அதுதான் வழக்கமாம்."

பூதலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "மகாராஜா, சும்மா விளையாட்டுக்கு…"

"நான் கூட்டல் கழித்தல்தான் கற்பித்தேன் பிரபு" என்றான் விகடன் பணிவாக. "வியாபாரம் பெரியவர் சொல்லிக்கொடுத்தது."

ராஜா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரண்மனைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று போன வருஷம்தான் குடிகள் தலையில் வரியை ஏற்றியிருந்தார். "வரியைக் குறையுங்கள். இவரைச் சிறையில் அடையுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"அப்பா, நில்லுங்க. கடலை தின்னீங்களே, ரெண்டு கொட்டை."

ராஜா மடியிலிருந்து பொற்காசை எடுத்தார்.

"அது இங்க செல்லாது."

நாடாளும் ராஜாவிடம் ஒரு புளியங்கொட்டை இல்லை. விகடன் தன் மடியை அவிழ்த்தான். "அடியேனிடம் இரண்டு இருக்கிறது மகாராஜா. விலைதான் தாங்கள் சொல்ல வேண்டும்."

ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். கொட்டையை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

மரகதவல்லி வாயைப் பிளந்தாள். கையிலிருந்த தராசு நழுவிக் கடலையெல்லாம் சிதறியது. "அய்யோ அப்பா, ரெண்டு கொட்டைக்கு முத்துமாலையா! இப்படியா ஏமாறுவீங்க?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். நல்லபெருமாள் சிரிக்கவில்லை. குழந்தை பேரத்தைக் கலைப்பதற்குள் மாலையை மடியில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினான்.